துரைமாரைத் தூக்கிவிட்டவன்

பட்டணப் பெருவாழ்வுப் பிரசாரச் சபை என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான், பட்டணம் வளர்ந்துகொண்டிருந்தது, வளர்கிற பட்டணத்துக்கு ஆள் போதவில்லை. பட்டணத்தில் குடியிருந்து வேலை செய்வதால் வரும் நன்மைகளை ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொல்வதற்காக நாலு கனவான்கள் கூடி அந்தச் சபையை ஏற்படுத்தினார்கள். பட்டணத்து வெயில் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாததால் நாலு பேரும் பெரும்பாலும் ஊட்டியிலேயே இருந்தார்கள். எனவே எடுத்துச் சொல்லும் பொறுப்பு காரியதரிசி ஏகாம்பரத்தின் தலையில் விழுந்தது.

ஏகாம்பரம் சமவெளி ஊர்களை எல்லாம் முடித்துவிட்டு ஒரு தை மாதம் கொல்லிமலைக்குக் கிளம்பினார். சேந்தமங்கலத்திலிருந்து, மலைமேல் பைல் நாடு என்கிற சிற்றூர்த் தொகுதிக்குப் போக அப்போது ரோடு கிடையாது. கல்லும் வேருமாக ஓர் ஒற்றையடிப் பாதைதான். அது போதாதென்று சபை விதி ஒன்றும் குறுக்கே நின்றது. நாற்காலி இல்லாமல் கூட்டம் நடத்தக் கூடாது. தலைமை வகிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கூட்டம் ஆரம்பம், எழுந்தால் முடிவு. மலையில் நாற்காலி கிடையாது என்று தெரிந்ததும், சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரம் செய்யும் சேக் மைதீன் ராவுத்தரின் கடையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கினார்கள். ஏகாம்பரத்துக்கு மலை ஏறிப் பழக்கமில்லை. நாற்காலியும் மேலே போக வேண்டும், அவரும் மேலே போக வேண்டும். ஆகவே நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கட்டி, அதில் அவரையும் உட்கார வைத்து, மலையாட்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டார்கள்.

புறப்படும்போது சேக் மைதீன், முன் மூங்கிலைப் பிடித்திருந்த காளியண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "காளியண்ணா, சபை என்ன ஆவுதோ எனக்குத் தெரியாது. நாற்காலி நாலு காலோட திரும்பி வரோணும்" என்றார்.

விதிப்படி பார்த்தால் ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்த அடிவாரத்திலேயே கூட்டம் ஆரம்பமாகிவிட்டது. அவர் விதிக்கு மாறாக நடக்கிறவரல்ல. வழி நெடுகத் தூக்கிகளுக்குப் பட்டணத்தின் சிறப்பைச் சொல்லிக்கொண்டே போனார். மூச்சு வாங்கிய நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. மலை மக்கள் பிரசங்கத்தை இத்தனை அமைதியாகக் கேட்பது சபைக்கு நல்ல சகுனம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பைல் நாட்டு எல்லையில் பெண்கள் குடத்தோடு நின்று, வந்த தூக்கிகளின் கொதித்துப்போன பாதங்களில் தண்ணீர் ஊற்றினார்கள். அதைத் தமக்கான வரவேற்பு என்று எண்ணி ஏகாம்பரம் பூட்ஸ் காலை நீட்டினார். பாப்பாயி என்ற கிழவி அந்தப் பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டி இங்கயே வெச்சிருங்க சாமி. ஊருக்குள்ள செருப்புப் போட்டு வரப்படாது" என்றாள். பட்டணத்தின் மேன்மையை எடுத்துரைக்க வந்தவர் வெறுங்காலோடு, கூழாங்கல் குத்தக் குத்த, துள்ளித் துள்ளி ஊருக்குள் பிரவேசித்தார்.

இந்த இடத்தில் சென்றாயனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பைல் நாட்டிலிருந்து பட்டணம் போய்த் திரும்பி வந்த ஒரே ஆள் அவன்தான். மழை பொய்த்து, சாமை கருகி, மிளகுக் கொடியும் காய்ந்துபோன ஒரு வருஷத்தில் கீழே இறங்கினான். சேக் மைதீனின் உறவுக்காரர் ஒருவர் சிபாரிசில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் இருந்தான்; திரும்பி வந்துவிட்டான். வந்த அன்றைக்கே, நாட்டுக்குப் பெரியவரான பட்டக்காரர் சின்னுசாமி நாலு பேர் முன்னால் கேட்டார்:

"பட்டணத்துல என்ன வேலை சென்றாயா பாத்த?"

அவன் பார்த்தது லிப்ட் ஓட்டும் வேலை. அடுக்குமாடிக் கட்டடத்தின் நடுவில் ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் நின்றுகொண்டு கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் கூண்டு மேலே போகும், மறு பக்கம் திருப்பினால் கீழே வரும். நாள் பூராவும் அதுதான். கூண்டையே பார்க்காதவர்களிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சென்றாயனுக்குப் புரியவில்லை. சுருக்கமாக, "துரைமாருங்களை மேல தூக்கி உடற வேலைங்க" என்று சொல்லிவிட்டான்.

அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் மறுநாள் அவன் கோயில் பக்கம் போனபோது உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சென்றாயன் கை வைக்காமல் பட்டணத்தில் எந்தத் துரையும் மேலே வந்ததில்லை என்று நாடு முழுவதும் பேச்சாகிவிட்டது. திருத்த வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். அதற்குள் கண்ணாயியைப் பெண் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணத்தோடு வேறொரு கஷ்டமும் வந்து சேர்ந்தது. மலையில் விளையும் பலாவும் மிளகும் தலைச்சுமையாகத்தான் சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்க வேண்டும். உப்பும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாகத்தான் ஏற வேண்டும். சென்றாயன் சுமையைத் தொட்டால் மாமனார் பதறிப் போவார். "துரைமாரைத் தூக்கி உட்ட கை உப்பு மூட்டையத் தூக்கறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்பார். ஆகவே கண்ணாயி தூக்கினாள். சந்தையிலிருந்து வந்ததும் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுக் கழுத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பாள். சென்றாயன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாம் ஒரு தண்டம் என்று அவனுக்கு அப்போதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனுஷனாக இருப்பதில் உள்ள கஷ்டத்தை அவன் அனுபவித்தான், சுமந்தவள் கண்ணாயி.

அவளோ அவனிடம் பயபக்தியோடு நடந்துகொண்டாள். அவள் வயதுப் பெண்கள் புருஷனை வா போ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் "ஏனுங்க, சாப்புட வாங்க" என்பாள். பரிமாறிவிட்டு ஒதுங்கி நிற்பாள். சென்றாயன் மறுசோறு கேட்காமலே எழுந்துவிடுவான்.

இப்பேர்ப்பட்டவனைத்தான் ஏகாம்பரம் வந்ததும் வராததுமாகத் தேடிப் பிடித்தார். சபை விதிப்படி ஒவ்வொரு கூட்டத்திலும் 'அனுபவ சாட்சி' ஒருவர் பேச வேண்டும். பட்டணம் போய் மேன்மை அடைந்த உள்ளூர்க்காரராக அவர் இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் அப்படி ஒருவரும் அகப்படாததால் தம் சமையற்காரரையே சாட்சியாக்கி ஏகாம்பரம் சமாளித்து வந்தார். இங்கே நிஜமாகவே ஒருவன் கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நீ பேசு. மலையே உன் பின்னால் இறங்கும்" என்று சென்றாயனின் தோளில் கை போட்டார். "நான் இருளில் கிடந்தேன், பட்டணம் சென்றேன், மேலே வந்தேன். அவ்வளவுதான், மூன்றே வாக்கியம். ஆட்களோடு நீயும் வா. உனக்கு மலைப் பிரதிநிதி என்று பட்டம். கோட்டு உண்டு."

எந்தப் பட்டணம் சென்றாயனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதோ அதே பட்டணத்துக்கு, இப்போது கோட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு, கண்ணாயியின் தம்பி ராசு ஏற்கெனவே துணிமணியை மூட்டை கட்டிவிட்டான். அவன் பெண்டாட்டி சென்னம்மாளுக்கு நிறைமாதம். "மச்சான் சொன்னாப் போதும், நாளைக்கே எறங்கறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கூட்டத்துக்கு முன்னால் கண்ணாயி, "ஏனுங்க, உங்களத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?" என்று கேட்டாள்.

"கூப்புட்டாப் போவோணுமில்ல" என்றான் சென்றாயன். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. அவள் முகத்தைத்தான் பார்க்கவில்லை.

கூட்டம் மாரியம்மன் கோயில் பலா மரத்தடியில் நடந்தது. நாற்காலி போட்டாகிவிட்டது. ஆனால் அதில் ஏகாம்பரம் உட்கார வேண்டுமானால் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும். சொல்லிக் கொடுத்தபடி சென்றாயன் முன்மொழிந்தான். "யாராவது வழிமொழியுங்கள்" என்று ஏகாம்பரம் நாலா பக்கமும் பார்த்தார்.

பட்டக்காரர் எழுந்து, "வழிங்களா? வந்த வழியே போவலாமுங்க. அந்தப் பக்கம் எறங்குனா மழைக்காலத்துல வழுக்கும்" என்றார்.

அதுவே வழிமொழிந்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏகாம்பரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின், பேசுவதற்காக எழுந்தார். எழுந்தால் கூட்டம் முடிந்துவிடும் என்ற விதி நினைவுக்கு வந்ததும் பதறிப்போய் மறுபடி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே முழங்கினார்.

"மகா ஜனங்களே! நீங்கள் எத்தனை காலம் இப்படிக் கீழே கிடப்பீர்கள்? மேலே வாருங்கள்! மேலே, மேலே வாருங்கள்!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே பலாப் பிஞ்சுகள்தான் தொங்கின.

"மேலதானுங்க இருக்கறோம்" என்றார் பட்டக்காரர். "நீங்கதான் கீழயிருந்து வந்தீங்க."

"வாழ்க்கையில் மேலே வருவதைச் சொல்கிறேன். அதற்கு நீங்கள் பட்டணத்துக்கு வர வேண்டும்."

"பட்டணம் கீழ இருக்குதுங்களே. கீழ எறங்குனாத்தான் மேல வரலாமுன்னு சொல்றீங்களா?"

"அதேதான்!" என்றார் ஏகாம்பரம், இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார்களே என்ற பூரிப்பில். "பட்டணம் நாளுக்கு நாள் வளர்கிறது. நேற்று இருந்த எல்லை இன்றைக்கு இல்லை. ஏரியைத் தூர்த்தோம், தோப்பை அழித்தோம், இன்னும் வளர்கிறது!"

"எதைத் தின்னுங்க இப்பிடி வளருது?" என்று பாப்பாயி கேட்டாள்.

"மனிதர்களைத்தான். அதாவது, மனிதர்களின் உழைப்பை. எத்தனை பேர் வந்தாலும் அதற்குப் போதவில்லை, அம்மா."

பிறகு ஏகாம்பரம் காரணங்களை அடுக்கினார். பட்டணத்தில் மின்சார விளக்கு உண்டு. இரவும் பகல் போல இருக்கும். அப்படியானால் எப்போது தூங்குவார்கள் என்று ஒருவர் கேட்டார். தூங்க வேண்டிய அவசியமே ஏற்படாதபடி ராத்திரி வேலையும் ஏற்பாடு செய்திருக்கிறது என்று அவர் விளக்கினார். வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு. தண்ணீர் வரும் நாளில் வரும். பட்டணத்தில் ஆஸ்பத்திரிகள் நிறைய. ஒவ்வொரு வியாதிக்கும் தனித்தனியாக உண்டு.

"எல்லா வியாதியும் அங்க இருக்குதுங்களா?" என்றது ஒரு குரல்.

"எல்லாமே இருக்கிறது! இங்கே நீங்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத வியாதி எல்லாம் அங்கே சர்வசாதாரணம்" என்றார் ஏகாம்பரம் பெருமையோடு. "எல்லாவற்றையும்விட, சுதந்திரம்! பக்கத்து வீட்டுக்காரன் யார் என்றே உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவனும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டான்."

"செத்துப்போனாக்கூடவா?" என்றாள் பாப்பாயி.

"அதற்கு வண்டி உண்டு. காசே கேட்பதில்லை."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு பலிக்கிறது என்று எண்ணிய ஏகாம்பரம், "இனி அனுபவ சாட்சி பேசுவார்" என்று அறிவித்தார்.

சென்றாயன் எழுந்தான். முன்வரிசையில் ராசு மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். சற்றுத் தள்ளிப் பெண்கள் பக்கத்தில் சென்னம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளருகில் கண்ணாயி, அன்று காலையில்தான் விறகுச் சுமையோடு ஏறி வந்தவள், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இருளில் கிடந்தேன்" என்று ஆரம்பித்தான். "பட்டணம் சென்றேன். மேலே வந்தேன்."

ஏகாம்பரம் கை தட்டினார். மூன்று வாக்கியமும் முடிந்துவிட்டன, உட்கார்ந்திருக்கலாம். ராசு விடவில்லை.

"மச்சான், எம்புட்டு ஒசரம் வந்தீங்க?"

"அஞ்சாவது மாடி வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் கீழ வந்தேன்."

"ஏன் மச்சான் கீழ வந்தீங்க?"

"கீழ நிக்கறவங்க மணி அடிப்பாங்க" என்றான் சென்றாயன். சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது அந்தச் சிரிப்போடு அவிழ்ந்துகொண்டது. "ராசு, மூட்டையக் கீழ வெய்யி. நான் துரைமாரை மேல தூக்கி உட்டது இந்தக் கையால இல்ல. ஒரு இரும்புப் பொட்டி. அதுல அவங்க ஏறி நிப்பாங்க. நான் ஒரு பிடியத் திருப்புவேன். பொட்டி மேல போவும். எறங்கிப் போயிருவாங்க. திரும்பக் கீழ வருவேன். காத்தால இருந்து பொழுது சாயற வரைக்கும் மேலயும் கீழயும் போய்க்கிட்டேதான் இருந்தேன். ஒரு எடத்துக்கும் போய்ச் சேரல."

ஏகாம்பரம் மேஜை மணியைத் தேடினார். மேஜை கொண்டுவரவில்லை.

"அந்த வேலையில இருந்தும் என்னைத் தள்ளித்தான் உட்டாங்க" என்று சென்றாயன் தொடர்ந்தான். நிறுத்தவும் தெரியவில்லை. "பொட்டியில ஏறுனதும், எங்க போவோணுமுன்னு கேக்கோணும். அதுதான் வேலையே. ஒரு காரியமாக் கெளம்பிப் போறவங்களை, எங்க போறீங்கன்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிக் கேக்கறது?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "கேக்கவே கூடாது. போற காரியம் என்னத்துக்கு ஆவும்?" என்றார் பட்டக்காரர்.

"அதனாலதானுங்க நான் கேக்கல. தூரமுங்களா, தூரமுங்களான்னு கேட்டேன். அவங்க முறைப்பாங்க. சரி, மூஞ்சியப் பாத்து நாமளே தெரிஞ்சுக்கலாமுன்னு, கவலையா இருக்கறவங்களை வட்டிக்கடை இருக்கிற மாடியில எறக்கி உட்டேன். சிரிச்ச மூஞ்சியா இருந்தா மொத மாடி, அங்கதான் சம்பளம் குடுப்பாங்க. ஒரு நாளு பெரிய துரையே ஏறுனாரு. தூரமுங்களான்னேன். பேசல. மூஞ்சி ரொம்ப வாடிக் கெடந்துச்சு. பாவம், காத்தாட நிக்கட்டுமுன்னு மொட்டை மாடியில உட்டுட்டு வந்துட்டேன். மழை வர்ற வரைக்கும் ஆரும் அவரைத் தேடல."

பலா மரத்தடி குலுங்கியது. சென்றாயனும் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடித்தபோதுதான் அவனுக்கு உறைத்தது, தான் இனிப் பெரிய மனுஷன் இல்லை என்று. கண்ணாயியின் பக்கம் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அவளோ எழுந்து நின்றிருந்தாள். சிரிக்கவில்லை.

"ஏனுங்க, அந்தப் பொட்டியில ஏறுனா நடக்காமயே மேல போயிரலாமா?" என்று கேட்டாள். கேட்டது சென்றாயனை அல்ல, ஏகாம்பரத்தை. "செமையோட?"

பெண்கள் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். மின்சாரமும் குழாயும் ஆஸ்பத்திரியும் அசைக்க முடியாத மலை, இந்த ஒரு கேள்வியில் லேசாக அசைந்தது. ராசு இறக்கி வைத்த மூட்டையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டான். அந்த நிமிஷத்தில் ஏகாம்பரம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், சபை தன் வரலாற்றிலேயே காணாத வெற்றியைக் கண்டிருக்கும். சென்றாயனோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே, நாமே ஊரைக் கிளப்பிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

ஆனால் காரியதரிசிகளுக்குப் பேசாமல் இருக்கும் பழக்கம் இல்லை.

"உங்களுக்கு லிப்ட்டா?" என்று ஏகாம்பரம் சிரித்தார். "அம்மா, கட்டடம் முடிந்த பிறகுதான் லிப்ட் வைப்பார்கள். முடிகிற வரைக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் தானாக மேலே போகுமா? தலையில்தான் போக வேண்டும். சமவெளி ஆட்களுக்கு மூன்றாவது மாடிக்கே மூச்சு வாங்குகிறது. சில பேர் விழுந்தும் விடுகிறார்கள். சபைக்குத்தானே கெட்ட பெயர்? பிறந்தது முதல் சுமையோடு ஏறிப் பழகியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து விசாரித்துத்தான் இந்த மலைக்கே வந்தோம்!"

"கட்டி முடிஞ்சப்புறம் எங்கள ஏத்துவாங்களா?"

"முடிந்த பிறகு உங்களுக்கு அங்கே என்ன வேலை? அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவீர்கள். பட்டணம் வளர்கிறதல்லவா!"

கண்ணாயி கொஞ்சம் யோசித்தாள். "செமந்துக்கிட்டு ஏறறதுக்கு இங்கயே மலை இருக்குதுங்களே. இதுல ஏறி முடிச்சா எங்க ஊடாச்சும் வருது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ராசு மூட்டையைச் சென்னம்மாளிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கி இடுப்புக்கு அண்டை கொடுத்துச் சாய்ந்துகொண்டாள்.

பட்டக்காரர் எழுந்தார். சபை என்று வந்துவிட்டால் ஏதாவது தீர்மானம் போட வேண்டும் என்று ஏகாம்பரம் முன்பே சொல்லியிருந்தார். வந்த விருந்தாளியின் மனசு நோகக் கூடாதே என்று பட்டக்காரரும் ஒன்று போட்டார்.

"பட்டணத்துல வேலை செய்யறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. அந்தப் பொட்டிய மட்டும் கீழ அடிவாரத்துல இருந்து இங்க வரைக்கும் வெச்சுக் குடுத்துருங்க. காத்தால எறங்கி உங்க பட்டணத்தைக் கட்டிக் குடுத்துட்டு, பொழுது சாய மேல வந்துர்றோம். பொட்டி ஓட்டறதுக்கு அனுபவப்பட்ட ஆளு எங்ககிட்டயே இருக்கறான். எங்க போறீங்கன்னு எங்க ஆளுக ஆரும் கேக்கச் சொல்லவும் மாட்டாங்க. மேல, இல்லாட்டிக் கீழ. வேற எங்க போறது?"

எல்லோரும் கை தூக்கினார்கள். ஒருமனதாக நிறைவேறியதை எழுதாமல் விட விதியில் இடமில்லை. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்ததும் எழுந்தார், கூட்டமும் முடிந்தது. மறுநாள் அவரைக் கீழே தூக்கிப் போக யார் வருவார்கள் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, காளியண்ணன், "தூக்கறோமுங்க. ராவுத்தருகிட்ட நாற்காலியக் குடுக்கோணுமில்ல, அதோட நீங்களும் வந்துருங்க" என்று ஆறுதல் சொன்னான். அந்த வருஷத்துச் சபை அறிக்கையில், கொல்லிமலை மக்கள் லிப்ட் வசதி கோரும் அளவுக்கு விழிப்படைந்திருக்கிறார்கள் என்று வெளியாகியது. ஊட்டியில் நாலு கனவான்களும் அதைப் படித்து மகிழ்ந்தார்கள்.

சென்றாயன் அன்று உடனே வீட்டுக்குப் போகவில்லை. மிளகுக் கொடியைப் பார்க்கிற மாதிரி தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு கொடியை எத்தனை நேரம்தான் பார்ப்பது? கடைசியில் உள்ளே போனான். கண்ணாயி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திட்டு வாங்கத் தயாராகக் கதவோரமே நின்றான்.

"பொய்யின்னு சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தான். "ஆனா..."

"கீழயிருந்து சட்டை போட்ட ஆளு எவன் வந்தாலும் எனக்கு வயித்தக் கலக்கும்" என்றாள் கண்ணாயி, அடுப்பைப் பார்த்தபடியே. "துரைமாருக்கே வேண்டிய ஆளு. ஒரு நாளு கூப்புட்டா எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு பயந்துக்கிட்டேதான் தெனமும் ஒல வெச்சேன். பொட்டி ஓட்டுன ஆளுன்னா எவன் வந்து கூப்புடப் போறான்?"

"அதுல இருந்தும் தள்ளி உட்டுட்டாங்க புள்ள."

"இன்னும் நல்லதாப் போச்சு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகையாகக்கூட இருக்கலாம். பிறகு தலையைத் திருப்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தன நாளா என் கழுத்து ஒடிஞ்சுதே, அதைப் பாத்துக்கிட்டேதான இருந்த? நாளைக்குச் சந்தை. மிளகு மூட்டை உனக்கு. வா, வந்து சாப்புடு."

திட்டுத்தான். ஆனால் அவள் 'வா' என்றாளே, அதில் சென்றாயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் அவன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போதுதான் உப்பு என்றால் என்னவென்று தெரிந்தது. பாதி மலைக்கு வருவதற்குள் அவனுக்கு முதுகு விண்விண் என்று தெறித்தது. பட்டணத்தில் கூண்டுக்குள் நின்றே பழகிய கால்கள் பின்னிக்கொண்டன. எதிரே இறங்கி வந்தவர்கள் துரைமாரைத் தூக்கிவிட்டவன் உப்பைத் தூக்க முடியாமல் தள்ளாடுவதை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய பாறைக்கு வந்ததும் மூட்டையை இறக்கிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான். சுமையை இறக்காமல் கண்ணாயி நின்றாள்.

"இந்த மலையில அந்தப் பொட்டி மட்டும் இருந்திருந்தா..." என்று இழுத்தான் சென்றாயன். "நிசமாலுமே வெச்சுக் குடுத்தாங்கன்னு வெய்யி, மொத நாளே உன்னத்தான் ஏத்துவேன்."

"வெச்சுக் குடுத்தா நீ பொழுதுக்கும் அதுக்குள்ளயே நின்னுக்குவ" என்றாள் கண்ணாயி. "அப்புறம் என்கூட ஆரு நடந்து வருவா? எந்திரி."